-5 பெருசா, -30 பெருசா? மேட்டூர் அணையை வைத்தே குழந்தைக்குப் புரியவைக்கலாம்!

"5-ஐ விட 30 பெருசு. அப்போ -5-ஐ விட -30 தானே பெருசு?" ஆறாம் வகுப்பில் 'முழுக்கள்' பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. தஞ்சை டெல்டா வீடுகளில் தினமும் செய்தியில் கேட்கும் ஒரு கணக்கை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

அணை சொல்லும் கணக்கு

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அதை 0 என்று வைத்து ஒரு எண்கோடு வரையுங்கள். நீர்மட்டம் 115 அடி என்றால் -5. 90 அடி என்றால் -30. எப்போது தண்ணீர் அதிகம்? -5 இருக்கும்போதுதான். அப்போ -5 தான் பெருசு. எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பதே பெரிய எண்.

இதில் இன்னொன்றும் புரியும். 0 என்றால் 'ஒன்றுமில்லை' என்று மட்டும் அர்த்தம் இல்லை. எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோமோ, அந்த இடம்தான் 0.

கடனும் வரவும்

குறுவைக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கினால் கையிருப்பு -5,000. நெல் விற்று 8,000 ரூபாய் வந்தால்? -5,000 + 8,000 = 3,000. கடன் அடைந்து, 0-வைத் தாண்டி மிகைப் பக்கம் வந்தாச்சு. கி.பி. 628-லேயே கணித மேதை பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்து என்றும், குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் விதிகளை எழுதினார்.

மைனஸும் மைனஸும் ஏன் பிளஸ்?

குழந்தைகள் அதிகம் குழம்பும் இடம் இது. 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. தள்ளுபடி என்றால் கடனைக் கழிப்பது. 5,000 ரூபாய் கடனில் 2,000 தள்ளுபடி ஆனால், -5,000 - (-2,000) = -3,000. கையில் பணம் வரவில்லை, ஆனாலும் நிலைமை 2,000 ரூபாய் அளவுக்கு மேலே வந்துவிட்டது. கடனைக் கழிப்பதும் வரவைக் கூட்டுவதும் ஒன்றுதான்.

வாசலில் விளையாடலாம்

வாசலில் சாக்பீஸால் -10 முதல் 10 வரை கோடு போடுங்கள். முதல் எண்ணில் குழந்தையை நிற்க வையுங்கள்.

* கூட்டல் என்றால் வலப்பக்கம் பார்த்துத் திரும்ப வேண்டும். கழித்தல் என்றால் இடப்பக்கம்.
* அடுத்து வருவது மிகை எண் என்றால் முன்னால் நடக்க வேண்டும். குறை எண் என்றால் பின்னால்.

இப்போ -5 - (-2) செய்து பாருங்கள். -5-ல் நின்று, இடப்பக்கம் திரும்பி, 2 அடி பின்னால் வைத்தால் -3.

நாலு கணக்கை இப்படி நடந்து பார்த்தால், விதியைக் குழந்தையே சொல்லிவிடும்.