மானிட்டரை மட்டும் அணைத்த கதை

நம்ம திருவாமாத்தூரில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் சமாதி அடைந்தது 1898-ல். அதற்கு முந்தைய வருஷம், 1897-ல், கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் என்ற ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குழாயைச் செய்துகாட்டினார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வரலாறு நடத்தியவனுக்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் போகாது, அவ்வளவுதான். குழாயின் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான் கற்றை பாயும். மறுமுனையில் பூசிய பாஸ்பரில் பட்ட இடம் ஒளிரும். பின்னாளில் நம் வீட்டு டிவியும், பள்ளிக்கூடத்துக்கு வந்த குண்டு மானிட்டரும் இதே குழாய்தான்.

அந்த மானிட்டர் வந்த நாளில் எல்லோரும் திரையைத்தான் 'கம்ப்யூட்டர்' என்றார்கள். உண்மையான கம்ப்யூட்டர் இருக்கிற பெட்டிக்குப் பெயர் 'சிபியு'. இந்தப் பெயர்க் குழப்பத்தால் நடந்த கூத்து கொஞ்சமில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். பெட்டி விடிய விடிய ஓடும். இதற்கு நேர்மாறும் உண்டு. திரை கறுத்திருக்கிறது, எல்லாம் அணைந்துவிட்டது என்று மெயின் சுவிட்சைத் தட்டுவார்கள். உள்ளே பாதி எழுதிய கோப்பு போய்விடும்.

திரையும் கணினியும் வேறு வேறு என்பது ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரிந்தது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அதில் கீபோர்டுதான் கணினி. மூளை அதற்குள்ளேயே இருந்தது. திரையாக ஒரு டிவியை மாட்டினாலும் போதும். டிவியை அணைத்தால் கணினிக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரையை மட்டும் இருட்டாக்க வேண்டும் என்று முதலில் நினைத்தது மின்சாரத்தை மிச்சப்படுத்த அல்ல, திரையைக் காப்பாற்ற. ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அங்கே பாஸ்பர் தேய்ந்துபோகும். அணைத்த பிறகும் அந்த எழுத்து ஆவி மாதிரி தெரியும். பழைய ஏடிஎம் திரைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். 1983 டிசம்பரில் ஜான் சோச்சா என்ற அமெரிக்கர் ஒரு சின்ன நிரலை ஒரு கணினிப் பத்திரிகையில் வெளியிட்டார். மூன்று நிமிஷம் யாரும் விசையைத் தொடவில்லையென்றால் திரை கறுத்துவிடும். கணினி தன் பாட்டுக்கு ஓடும். ஸ்கிரீன் சேவர்களின் தாத்தா அதுதான். கறுப்புத் திரை மனிதனுக்குப் பிடிக்கவில்லை போலும். 1989-ல் 'ஆஃப்டர் டார்க்' வந்து, இறக்கை முளைத்த டோஸ்டர்களைத் திரையில் பறக்கவிட்டது. அதற்குப் பிறகு மீன் நீந்தியது, குழாய் வளர்ந்தது. திரை தேயவில்லை, கரண்டும் குறையவில்லை.

கரண்டைப் பற்றிய யோசனை 1992-ல் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது கணினியையும் மானிட்டரையும்தான். பழைய கணினியைப் போட்டதும் வலது மேல்மூலையில் ஒரு நட்சத்திரச் சின்னம் தோன்றுமே, அது இதுதான். அடுத்த வருஷம், 1993-ல், 'வெசா' என்ற அமைப்பு பெட்டி மானிட்டரைத் தூங்கச் சொல்ல ஒரு பொது முறை வகுத்தது. புதுக் கம்பி எதுவும் தேவைப்படவில்லை. படத்தை வரிவரியாகவும் பக்கம்பக்கமாகவும் ஒழுங்குபடுத்த இரண்டு துடிப்புகள் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை நிறுத்தினால் அரைத்தூக்கம், இரண்டையும் நிறுத்தினால் முழுத்தூக்கம். பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறும். வெகு அழகான யோசனை. பேசுவதை நிறுத்துவதே செய்தி!

இதெல்லாம் அமெரிக்காக் கதை. நம் மாவட்டத்தில் மானிட்டர் பொத்தானின் அருமை தெரிந்தது மின்வெட்டுக் காலத்தில். 2008-ல் தொடங்கிய வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். நமக்கோ ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி வரும், ஒரு மணி போகும்.

சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பெட்டிக்கு ஏறக்குறைய 80 வாட், குண்டு மானிட்டருக்கு 70. அதாவது மானிட்டரை அணைத்தால் பாரம் கிட்டத்தட்டப் பாதி. "நேரம் இரட்டிப்பாகாது சார், அதற்கும் மேலே கிடைக்கும்" என்றார் உடன் வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர். ஈய-அமில பேட்டரியை மெதுவாக உறிஞ்சினால் அதிகம் கொடுக்குமாம்.

அதனால் ஆய்வகத்தில் ஒரு சட்டம் வந்தது. கரண்ட் போனதும் முதலில் சேவ், உடனே மானிட்டர் ஆஃப். பெட்டியை யாரும் தொடக்கூடாது. அந்தப் பழைய கணினிகளை மறுபடி எழுப்ப ஐந்து நிமிஷம் பிடிக்கும், கரண்ட் இருக்கும் ஒரு மணியில் அது பெரிய நஷ்டம். கல்வி உதவித்தொகைப் பட்டியல் ஏற்றிக்கொண்டிருக்கும் கணினியின் திரை மட்டும் எரியலாம். இருட்டிய அறையில் மற்ற பெட்டிகளின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த ஒரு திரை முன்னால் ஆசிரியரும் நாலு பிள்ளைகளும் குனிந்து உட்கார்ந்து பெயர், சாதிச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எண் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். ஒரு எண் தவறினால் அந்த வருஷப் பணம் அந்தப் பிள்ளைக்கு வராது. அந்தப் பத்து இருபது நிமிஷத்தைச் சேர்த்துக் கொடுத்தது மற்ற திரைகளின் இருட்டுதான்.

எல்சிடி வந்ததும் கணக்கு மாறியது. திரைக்கு 20 வாட் போதும். ஸ்கிரீன் சேவருக்கும் வேலை போனது. பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால், கறுப்புப் படம் காட்டினாலும் செலவு அதே செலவுதான். வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஓஎல்இடி போன்களில் பழைய தேய்மானம் திரும்பி வந்திருக்கிறது. சோச்சாவின் மூன்று நிமிஷத்துக்கு மறுபடி மரியாதை.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் நம் கிராமத்துப் பிள்ளைகள் கைக்கும் கணினி வந்தது. அதன் மூடியை மூடினால் திரையோடு சேர்ந்து எல்லாமே தூங்கிவிடும். பாட்டு நின்றுவிடும், இறங்கிக்கொண்டிருக்கும் படமும் பாதியில் நிற்கும். பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், 'மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே' என்று மாற்றலாம் என்பதைப் பிளஸ் டூ பையன்கள் எந்த வாத்தியாரும் சொல்லாமலே ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷம் இருட்டின தெருவில், மூடின லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இளையராஜா பாட்டோடு நடந்துபோன பையன்களை நானே பார்த்திருக்கிறேன்.