தாமஸ் சால்மர்ஸ்

தாமஸ் சால்மர்ஸ் (1780 – 1847) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறித்தவப் போதகரும் இறையியலாளரும் ஆவார். 1843 இல் உருவான ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் முதல் தலைவர் இவரே.

கில்மனியில் பணி

1803 ஆம் ஆண்டு பைஃப் பகுதியிலுள்ள கில்மனி என்னும் சிற்றூரில் போதகராகப் பொறுப்பேற்றார். ஆயினும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் கணிதம் கற்பிப்பதிலேயே அவரது நாட்டம் இருந்தது. சபைப்பணிகளை முடித்த பின்னும் ஒரு போதகர் வாரத்தில் ஐந்து நாட்களை அறிவியலுக்குச் செலவிட முடியும் என 1805 இல் எழுதிய சிறுநூலில் வாதிட்டார். 1809 இல் கண்ட நீண்ட நோய் அவரது போக்கை மாற்றியது. அதன் பின்னர் விவிலியத்தை ஆழ்ந்து கற்பதிலும் ஊர் மக்களை வீடுதோறும் சென்று சந்திப்பதிலும் முனைந்தார். 1815 இல் கிளாஸ்கோ நகருக்குப் பணி மாறிச் சென்றார்.

1825 இல் திருச்சபையின் பொதுப்பேரவையில் அச்சிறுநூல் சுட்டிக்காட்டப்பட்டபோது, கணிதம் அறிந்திருந்தும் நித்தியத்தின் அளவை மறந்திருந்ததாக ஒப்புக்கொண்டு வருந்தினார்.