பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா?

இங்கிலாந்தின் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ நீராவி எஞ்சின் 1923-இல் டான்காஸ்டர் பட்டறையில் செய்யப்பட்டது. 2004-இல் அந்நாட்டு தேசிய ரயில்வே அருங்காட்சியகம் அதை சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிறகு பழுதுபார்க்க மட்டும் பத்து வருஷம், 42 லட்சம் பவுண்டு. வங்கியில் வவுச்சர் சரிபார்த்தே தலை நரைத்த எனக்கு இந்தக் கணக்கு உறுத்தியது.

ஏனென்றால், ‘டொர்னாடோ’வை முழுசாகப் புதிதாகச் செய்யவே சுமார் 30 லட்சம்தான் ஆயிற்று. அந்த ‘ஏ1’ வகையில் ஓடிய 49 எஞ்சின்களையும் 1966-க்குள் உடைத்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். ரயில் பிரியர்கள் 1990-இல் ஒன்றுகூடி, வாரம் ஒரு கோப்பை பீர் விலை என்று மாதாமாதம் சந்தா கட்டினார்கள் (நம் மெயின்டனன்ஸ் மாதிரிதான்). கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையிலிருந்து வந்தது. 2008-இல் வண்டி ஓடியது.

ஸ்காட்ஸ்மனிலும் பழைய இரும்பு முழுசாக இல்லை. கொதிகலனே பல தடவை மாறியாயிற்று. இருந்தாலும் 1934-இல் மணிக்கு 100 மைல் தொட்டது அதுதான். அந்தப் பெயரை எந்தப் பட்டறையிலும் புதிதாக வார்க்க முடியாது. அதனால் அந்த 42 லட்சத்தைத் தண்டச்செலவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

புது டொர்னாடோவும் 2015-க்குள் ஒரு பெரிய ரிப்பேர் பார்த்துக்கொண்டுவிட்டது!