கண்டவர் ஒருவர், பரிசு வேறொருவருக்கு

உழைத்தவர் பெயர் விடுபட்டுப்போவது நமக்குப் புதிதல்ல. அறிவியலிலும் அது நடந்திருக்கிறது.

1967இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. வழிகாட்டி ஆண்டனி ஹூவிஷ் வடிவமைத்த ரேடியோ தொலைநோக்கிக்குச் சக மாணவர்களோடு கம்பம் நட்டு, கம்பி கட்டியவர். நாள்தோறும் சுமார் 30 மீட்டர் நீளும் பதிவுத்தாளைக் கண்ணாலேயே அலசியவரும் அவர்தான். அதில் ஒரு சிறு கிறுக்கல் தட்டுப்பட்டது. மனிதர் உண்டாக்கிய இடையூறாக இருக்கும் என்று ஹூவிஷ் நினைத்தார். பெல் விடவில்லை. 1.33 நொடிக்கு ஒருமுறை துடித்த அதுதான் முதலில் கண்டறியப்பட்ட துடிவிண்மீன்.

1968இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் ஹூவிஷ் பெயர் முதலில், பெல் பெயர் இரண்டாவது. 1974இல் இயற்பியல் நோபல் ஹூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. வானியலாளர் பிரெட் ஹாயில் வெளிப்படையாகக் கண்டித்தார்.

2018இல் பெல்லுக்கு 30 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. இயற்பியலில் இடம் மறுக்கப்பட்டோரின் ஆய்வு உதவித்தொகைக்காக அவ்வளவையும் கொடுத்துவிட்டார்.

தரவைத் திரிக்காமல் இருப்பது மட்டும் ஆய்வறம் ஆகாது. கண்டவருக்கு உரிய இடம் தருவதும் அறம்தான். நம் பிள்ளைகள் ஆய்வகங்களுக்குள் நுழையும் காலம் இது. கட்டுரையில் யார் பெயர் எங்கே நிற்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.