கத்திக்கு முன்னால் ஒரு குரல்



சென்ற பதிவில் நம்ம ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியபோது, "தன்வந்திரி சந்நிதியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே சார்" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இன்னொரு பழைய மாணவர் போன் செய்தார். அடுத்த மாதம் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். "கத்திகூடப் பரவாயில்லை சார், மயக்க மருந்து என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது" என்றார். இரண்டுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். காபியோடு உட்காருங்கள்.

முதலில் தன்வந்திரி. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. இடையில் அது பழுதாகி, மறுபடி சீர்செய்யப்பட்டு, தன்வந்திரியும் எழுந்தருளப்பட்டதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. செய்தவர் கருடவாகன பட்டர். சந்நிதியில் சேவித்துவிட்டு வரும்போது, இது ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த இடம் என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பழைய சான்று காஞ்சிபுரம் பக்கத்தில், பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. அங்கே வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை உள்ள ஆதுலசாலை. யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்றே பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரு மருத்துவர், அறுவைக்கு என்று தனியாக ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், அறுக்கிறதுக்குத் தனி ஆள் இருந்தார் சரி. வலிக்குமே, அதுக்கு என்ன செய்தாங்க?" நல்ல கேள்வி. இன்றைய பதிவே அதற்குப் பதில்தான்.

நம் நாட்டின் பழைய அறுவை நூலான சுசுருத சம்ஹிதையில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. அறுப்பதற்கு முன் நோயாளிக்குச் சாப்பாடு கொடு. குடிப்பழக்கம் உள்ளவர் வலி தாங்கமாட்டார் என்றால் கடுமையான மதுவைக் குடிக்கக் கொடு. (இன்று இந்த இரண்டையும் செய்துவிடாதீர்கள்! மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது.)

அதே நூலில் புண்பட்டவரைப் பராமரிப்பது பற்றித் தனி அத்தியாயம் ஒன்று உண்டு. அதில் சொல்லியிருப்பது மருந்தைப் பற்றி மட்டும் அல்ல. இனிமையாகப் பேசத் தெரிந்த நண்பர்கள் பக்கத்தில் இருந்து, கதை சொல்லி, திரும்பத் திரும்பத் தைரியம் கொடுத்தால் புண்ணின் வேதனை விலகும் என்பது அதன் கருத்து. சரகர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சிகிச்சைக் கூடத்தில் இருக்க வேண்டியவர்கள் என்று சமையல்காரர், மருந்து அரைப்பவர் என வரிசையாகச் சொல்லி, அதே வரிசையில் பாடத் தெரிந்தவர், வாத்தியம் வாசிப்பவர், கதையும் புராணமும் சொல்பவர் ஆகியோரையும் சேர்க்கிறார். அவர்களுடைய குரலும் சிகிச்சையில் சேர்ந்ததாகவே அவர் எண்ணியிருக்கிறார்.

இப்போது பல நூற்றாண்டுகளைத் தாண்டி 1845க்கு வருவோம். இடம் வங்காளத்தில், கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் அங்கே வேலை பார்த்தார். அப்போது ஐரோப்பிய மருத்துவத்தில் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும் வழக்கம் வரவில்லை. எவ்வளவு சீக்கிரம் அறுத்து முடிக்கிறாரோ அவர்தான் கைராசிக்காரர். நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள்.

1845 ஏப்ரல் 4 அன்று எஸ்டெய்லிடம் ஒரு கைதி வந்தார். விரைவீக்கம். ஐரோப்பாவில் அப்போது பேசப்பட்ட மெஸ்மரிசத்தைப் பற்றி எஸ்டெய்ல் படித்திருந்தார், செய்து பார்த்ததில்லை. அன்றைக்கு முயன்று பார்த்தார். நோயாளியின் உடம்புக்கு மேலே, தொடாமல், கைகளை மெல்ல மெல்ல நகர்த்துவது. கைதி உறங்குவதுபோல ஆகிவிட்டார். அதற்குப் பிறகு எஸ்டெய்ல் இந்த முறையில் நூற்றுக்கணக்கான ஆபரேஷன்கள் செய்தார். பலவும் யானைக்கால் நோயால் வந்த பெரிய பெரிய கட்டிகள். இருட்டான அறையில் மணிக்கணக்காகக் கை நகர்த்தியவர்கள் அவரிடம் பயின்ற இந்திய உதவியாளர்கள். அரசாங்கம் குழு போட்டு விசாரித்தது. 1846 இறுதியில் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் கொடுத்தது.

தன் உடம்பிலிருந்து ஏதோ ஒரு சக்தி நோயாளிக்குள் பாய்வதாக எஸ்டெய்ல் நம்பினார். அது தவறு. மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற டாக்டர் அதற்கு முன்பே, 1843இல், நூல் எழுதி விளக்கிவிட்டார். பாய்வது எதுவும் இல்லை, நோயாளியின் மனம் ஒன்றில் குவிவதால் வரும் நிலை இது என்றார். ஹிப்னாடிசம் என்ற சொல் அவர் வழியாகப் பரவியதுதான்.

எஸ்டெய்லுக்கு ஆஸ்பத்திரி கிடைப்பதற்குச் சற்று முன், 1846 அக்டோபர் 16 அன்று, அமெரிக்காவின் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலியில்லாத ஆபரேஷனை ஊரறியக் காட்டினார். மறு ஆண்டே அது கல்கத்தாவுக்கு வந்தது. அதே 1847இல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். மணிக்கணக்கில் கையாட்டி, சிலருக்குப் பலித்து, சிலருக்குப் பலிக்காமல் போன முறை எங்கே, சில நிமிஷத்தில் யாரையும் உறங்கவைக்கும் மருந்து எங்கே? மருந்து ஜெயித்தது. ஜெயிக்க வேண்டியதுதான். நம்மில் எத்தனை பேர் இன்று நடமாடுகிறோம் என்றால் அதற்கு அந்த வெற்றிதான் காரணம்.

ஆனால் அந்த வெற்றியில் ஒன்று தொலைந்தது. மருந்துதான் தூங்கவைத்துவிடுகிறதே, நோயாளியிடம் பேச என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது. சரகர் போட்ட பட்டியலிலிருந்து பாடகரும் கதைசொல்லியும் காணாமல் போனார்கள்.

அது திரும்பக் கிடைத்த இடம்தான் வேடிக்கை. ஈதர் காட்டிய அதே பாஸ்டன் ஆஸ்பத்திரி! 1964இல் எக்பர்ட் என்ற மயக்கவியல் டாக்டரும் சக டாக்டர்களும் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பகுதியினரிடம் முந்தின நாளே உட்கார்ந்து, எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எவ்வளவு நாள் இருக்கும், அப்போது தசையைத் தளர்த்தி எப்படித் திரும்பிப் படுப்பது என்று பேசினார்கள். பேசப்பட்டவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதியே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு போகலாம் என்று அவர்களின் சர்ஜன்களே முடிவு செய்தார்கள். யார் எந்தப் பகுதி என்று அந்த சர்ஜன்களுக்குத் தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

சொல் குறைக்கும் என்றால், சொல் கூட்டவும் செய்யும். 2010இல் வந்த ஓர் ஆய்வில், பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். ஊசியும் மருந்தும் எல்லோருக்கும் ஒன்றுதான். சிலரிடம் "பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் மோசமான கட்டம்" என்றார்கள். மற்றவர்களிடம் "இந்த இடம் மரத்துவிடும், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்றார்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டபோது தேனீ கேட்டவர்கள் நடுவளவாக 5 சொன்னார்கள், மற்றவர்கள் 3.

2020இல் ஜெர்மனியில் இன்னும் வியப்பான ஒன்று. ஐந்து ஆஸ்பத்திரிகளில் 385 பேர். முழு மயக்கத்தில் இருக்கும்போதே காதில் இயர்போன் வைத்து, "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்ற போக்கில் ஆறுதலான பேச்சையும் பின்னணி இசையையும் 20 நிமிஷம் ஒலிக்கவிட்டு, 10 நிமிஷம் அமைதி, மறுபடி பேச்சு. மற்ற பாதிப் பேருக்கும் இயர்போன் உண்டு, ஒலி இல்லை. ஆபரேஷனுக்குப் பின் முதல் 24 மணி நேரத்தில் மார்ஃபின் வகை மருந்து, ஒலி இல்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேருக்குத் தேவைப்பட்டது. குரல் கேட்டவர்களில் 63 பேருக்குத்தான். நம் நாட்டிலும் டெல்லி லோக் நாயக் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த 56 பேரை வைத்து இப்படிப் பார்த்தார்கள். மயக்கத்தில் மெல்லிய புல்லாங்குழல் அல்லது பியானோ இசை கேட்டவர்களுக்கு மயக்க மருந்தின் அளவு குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது.

இது மந்திரமில்லை. பயந்தால் இதயம் படபடக்கிறது, தசை இறுகுகிறது, கவனமெல்லாம் வலி வரும் இடத்திலேயே நிற்கிறது. அப்போது அதே வலி பெரிதாகத் தெரியும். நம்பிக்கையான குரல் அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறது. 1939இலிருந்து வானொலி நிலையம் உள்ள திருச்சிக்காரர்களுக்குக் குரலின் வலிமையை நான் சொல்லித் தர வேண்டுமா என்ன!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குரல் மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் ஆகாது. "ஆடியோ கேட்டால் போதும், ஊசி வேண்டாம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது, முந்தின நாள் மாலை மயக்க டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் பேத்தி வயதுதான் இருக்கும். "தாத்தா, முதுகில் ஊசி போட்டதும் கால் கனமா, வெதுவெதுப்பா இருக்கும். நான் உங்க தலைமாட்டிலேயே இருப்பேன்" என்றார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதற்கு முன்பு பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், தனக்குத் தெரிந்தவருக்கு இதே ஆபரேஷனில் என்னவெல்லாம் ஆனது என்று அரை மணி நேரம் விவரித்துவிட்டுப் போயிருந்தார். இரண்டுமே சொற்கள்தான்.

எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், மயக்க டாக்டர் பார்க்க வரும்போது உங்கள் பயத்தைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், கேளுங்கள். பிடித்த பாட்டையோ வீட்டார் குரலையோ இயர்போனில் கேட்டுக்கொண்டே உள்ளே போகலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். முடியும் முடியாது என்பதை அவர் சொல்வார். பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பயமுறுத்தும் கதையையும் எடுத்துப் போகாதீர்கள். நம் மாணவர்களில் டாக்டர்களும் நர்சுகளும் நிறைய. உங்களுக்கு ஒரு நாளைக்கு இருபது கேஸ் இருக்கும், தெரியும். இருந்தாலும் ஊசிக்கு முன் "வலிக்கும், ஆடாதீங்க" என்பதற்குப் பதிலாக வேறு நல்ல வாக்கியம் ஒன்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்குச் செலவு கிடையாது.

உங்களுக்கு அப்படி ஆறுதல் சொன்ன டாக்டரோ நர்சோ இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், எல்லோரும் படிப்போம். அடுத்த பதிவில் உய்யக்கொண்டான் வாய்க்கால்.

எல்லோரும் நலமாக இருங்கள்.