99 சென்ட் புத்தகங்கள் வாசகரைப் பிடித்த கதை

ஆண்டி வியர் தன் ‘தி மார்ஷியன்’ நாவலுக்கு 99 சென்ட் விலை வைத்ததற்கு ஒரே காரணம், அதற்குக் கீழே போக அமேசான் விடவில்லை என்பதுதான். கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரர் ஒருவரின் கதையை 2009 முதல் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டுவந்தார். கதை முடிந்ததும், மின்நூல் கருவியில் படிப்பதற்கு ஏற்ற கோப்பு வேண்டுமென்று வாசகர்கள் கேட்டார்கள். அதையும் சும்மாவே கொடுத்தார். கோப்பை இறக்கிக் கருவியில் ஏற்றத் தெரியாத சிலர், கிண்டில் கடையிலேயே வைத்துவிடச் சொன்னார்கள். வைத்தார். இணையதளத்தில் காசில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த அதே நாவலை, மூன்றே மாதத்தில் 35,000 பேர் விலை கொடுத்து வாங்கினார்கள். 2013இல் பெரிய பதிப்பகம் ஒன்று உரிமையை வாங்கியது. 2015இல் ரிட்லி ஸ்காட்டின் இயக்கத்தில் படம் வந்தது.

இதை ஒரு தனிமனிதரின் அதிர்ஷ்டமாகவே பலரும் சொல்கிறார்கள். ஆனால் இலவசமும் தள்ளுபடியும் வாசகரைக் கொண்டுவருமா என்ற சோதனை, வியருக்குப் பத்தாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

2000ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டீபன் கிங் பதிப்பாளரை ஒதுக்கிவிட்டு ‘தி பிளான்ட்’ என்ற தொடர்கதையைத் தன் இணையதளத்தில் தானே வெளியிட்டார். தொடக்கத்தில் ஒரு பகுதிக்கு 1 டாலர். காசு கொடுக்காமலும் இறக்கிக்கொள்ளலாம்; ஆனால் முக்கால்வாசிப் பேராவது கொடுத்தால்தான் கதை தொடரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் பகுதிக்கு வாசகர்கள் அந்த நிபந்தனையை நிறைவேற்றினார்கள். பிந்திய பகுதிகளில் கொடுப்பவர்களின் பங்கு இறங்கியது. ஆறு பகுதிகளோடு அந்த ஆண்டு இறுதியில் கிங் நிறுத்திக்கொண்டார். அந்தக் கதை இன்றுவரை முடியவில்லை.

அதே காலத்தில் அறிவியல் புனைகதைகள் வெளியிடும் பேன் பதிப்பகத்தின் எழுத்தாளர் எரிக் ஃபிளின்ட் வேறொரு வழியைப் பிடித்தார். தன் முதல் நாவலை எந்தப் பூட்டும் இல்லாமல் இணையத்தில் இலவசமாக வைத்தார். பேன் இலவச நூலகம் அப்படித்தான் பிறந்தது. திருட்டுப் பிரதிகளுக்கு எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், தன் அச்சு நூலின் விற்பனை குறையவில்லை, கூடியிருக்கிறது என்று ராயல்டிக் கணக்கைக் காட்டி வாதிட்டார். 2003 ஜனவரியில் கோரி டாக்டரோ தன் முதல் நாவலை, கடைக்கு வந்த அன்றே, பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் முழுவதுமாக இலவசமாகத் தந்தார். பெயர் தெரியாத எழுத்தாளருக்குத் திருட்டைவிடப் பெரிய ஆபத்து யார் கண்ணிலும் படாமல் போவதுதான் என்ற எண்ணம் இப்படி வேரூன்றியது.

ஃபிளின்ட், டாக்டரோ இருவருக்கும் பின்னால் பதிப்பகம் இருந்தது. பதிப்பகமே இல்லாதவருக்கு வழி திறந்தது கிண்டில் வந்த பிறகு. 2007 நவம்பரில் கருவியை விற்கத் தொடங்கியபோதே, யார் வேண்டுமானாலும் தன் நூலை ஏற்றி விற்கும் வசதியையும் அமேசான் கொடுத்தது. 2008இல் மார்க் கோக்கர் ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்ற மின்நூல் தளத்தைத் தொடங்கினார். அவரும் மனைவியும் சேர்ந்து எழுதிய நாவலைப் பதிப்பகங்கள் ஏற்காததுதான் அதற்கான தூண்டுதல். அங்கே எழுத்தாளரே தன் நூலின் விலையை முடிவு செய்ய முடிந்தது. சுழியம் வைக்கவும், வாசகரே விலையை முடிவு செய்யட்டும் என்று விடவும், தள்ளுபடிக் கூப்பன் உருவாக்கி நண்பர்களிடம் கொடுக்கவும் முடிந்தது.

2010இல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. ஆப்பிளின் ஐபேடோடு வந்த புதிய ஏற்பாட்டில், பெரிய பதிப்பகங்கள் தம் புதிய மின்நூல்களின் விலையை 12.99, 14.99 டாலர் என்று தாமே வைக்கத் தொடங்கின. அதே ஆண்டு ஜூன் இறுதியில், 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையுள்ள சுயபதிப்பு நூல்களுக்கு 70 சதவீத ராயல்டியை அமேசான் கொடுக்க ஆரம்பித்தது. அந்த வரம்புக்கு வெளியே பழைய 35 சதவீதம்தான். 99 சென்ட்டுக்கு ஒரு பிரதி விற்றால் எழுத்தாளர் கைக்கு வருவது சுமார் 35 சென்ட், 2.99க்கு விற்றால் ஏறக்குறைய 2 டாலர். மலிவு விலைக்காரர் ஆறு பிரதி விற்றால்தான் ஒரு பிரதி விற்றவருக்கு ஈடாக முடியும்.

இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவர் அமண்டா ஹாக்கிங். மினசோட்டாவின் ஆஸ்டின் என்ற சிற்றூரில் மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய நாவல்களை 2010 ஏப்ரலில் கிண்டிலில் ஏற்றத் தொடங்கினார். சிகாகோவில் நடக்கவிருந்த ‘மப்பெட்ஸ்’ பொம்மைக் கண்காட்சிக்குப் போய்வர 300 டாலர் தேற்றுவதுதான் அவருடைய திட்டம். தொடரின் முதல் நூல் 99 சென்ட், அடுத்த பாகங்கள் 2.99. முதல் நூலில் பெரிதாக லாபமில்லை. அதைப் படித்து முடித்தவர் அடுத்த பாகத்தைத் தேடி வந்தபோதுதான் வருமானம் வந்தது. 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் நான்கு நூல்களுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு ஜூனில், பெரும்பாலும் 99 சென்ட் நாவல்களை வைத்தே ஜான் லாக் பத்து லட்சம் கிண்டில் பிரதிகள் விற்ற முதல் சுயபதிப்பாளர் ஆனார். அவர் காசு கொடுத்து விமர்சனங்கள் எழுதி வாங்கினார் என்பதை அடுத்த ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிக்கொண்டுவந்தது.

2011 டிசம்பரில் அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ திட்டம் வந்தது. 90 நாள் அமேசானில் மட்டும் விற்கச் சம்மதித்தால், அதில் 5 நாள் நூலை இலவசமாகக் கொடுக்கலாம். தொடக்க மாதங்களில் இது பலருக்கும் கைகொடுத்தது. இலவச நாளில் ஆயிரக்கணக்கில் இறங்கிய நூல், விலைக்குத் திரும்பிய பிறகும் கடையின் பிரபல வரிசையில் மேலேயே நின்றது. அதைப் பார்த்துப் புதியவர்கள் வாங்கினார்கள். 2012இலேயே அந்த வேகம் தணிந்தது. இலவசப் பிரதிக்கு வரிசையில் இருந்த எடை குறைந்துவிட்டதை எழுத்தாளர்கள் தம் விற்பனைக் கணக்கிலேயே கண்டுகொண்டார்கள்.

செலக்டில் சேர விரும்பாதவர்கள் ஒரு மாற்றுவழி கண்டுபிடித்தார்கள். அமேசானில் நேரடியாகச் சுழிய விலை வைக்க முடியாது. ஆனால் ஆப்பிள், கோபோ மின்நூல் கடைகளில் அதே நூல் இலவசம் என்று தெரிந்தால், போட்டிக்காக அமேசானும் பெரும்பாலும் விலையை இறக்கிவிடும். அதனால் தொடரின் முதல் பாகத்தை மற்ற கடைகளில் இலவசமாக்கி, அமேசானுக்குத் தகவல் சொல்லி, அதை நிரந்தர இலவசமாக்கினார்கள். அந்த நூலின் கடைசிப் பக்கம்தான் அவர்களின் கல்லா. கதை முடிந்த அடுத்த வரியிலேயே இரண்டாம் பாகத்துக்கான இணைப்பு. அதன் கீழே, புதிய நூல் வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கப் பெயர் பதிந்துகொள்ளும் இணைப்பு.

2012இல் தொடங்கிய புக்பப் போன்ற நிறுவனங்கள், அன்றன்றைய தள்ளுபடி நூல்களின் பட்டியலை மின்னஞ்சலில் வாசகருக்கு அனுப்பின. அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க எழுத்தாளர் கட்டணம் கட்ட வேண்டும். இலவசமாகக் கொடுப்பதற்கும் செலவு செய்ய வேண்டிய நிலை வந்தது. 2014 ஜூலையில் ‘கிண்டில் அன்லிமிடெட்’ வந்து, மாதச் சந்தா கட்டியவர் அதில் சேர்ந்த நூல்களில் எத்தனையையும் படிக்கலாம் என்றானது. அடுத்த ஆண்டு முதல், படிக்கப்பட்ட பக்கங்களை எண்ணியே எழுத்தாளருக்குப் பணம். புரட்டாமல் கிடக்கும் பிரதிக்கு அங்கே மதிப்பே இல்லை.

தமிழுக்கு இலவச மின்நூல் புதிதல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், இன்றைய எழுத்தாளர்கள் தாமே முன்வந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரும் ஆக்கங்களை மின்நூலாக்கி வெளியிட்டுவருகிறது. 2016 டிசம்பரில் கிண்டில் கடை தமிழை ஏற்ற பிறகு, விலை வைத்து விற்கும் சுயபதிப்பும் பரவியது. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் அந்த 5 இலவச நாள் தானாகக் கையில் வரும். ஃபேஸ்புக்கில் ‘இன்று முதல் இலவசம்’ என்ற அறிவிப்புகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நாள் அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி நள்ளிரவில் பிறக்கிறது. நமக்கு மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. காலையிலேயே கடைக்குப் போய் விலையைப் பார்த்து ஏமாந்த வாசகர்கள் உண்டு.

இந்த இருபத்தைந்து ஆண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. கடைக்காரர் விதியை மாற்றும்போதெல்லாம் இலவசத்தின் பலன் மாறியது. மாறாமல் பலன் பெற்றவர்கள், முதல் நூலை முடித்த வாசகருக்கு அடுத்த நூலைத் தயாராக வைத்திருந்தவர்கள். ஒரே ஒரு நூலை எழுதி, அதையும் சும்மா கொடுத்துவிட்டு, இறக்கியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதில் எழுத்தாளருக்கு எதுவும் மிஞ்சாது. தமிழில் எழுதுபவர்கள் இரண்டாவது நூலை முடித்த பிறகு முதல் நூலுக்கு இலவச நாள் குறிப்பது நல்லது. வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இலவச நாளில் இறக்கி வைத்த நூல்களில் ஒன்றையாவது இந்த வாரம் படித்து முடியுங்கள், கடையில் அந்த நூலின் பக்கத்தில் இரண்டு வரி கருத்து எழுதுங்கள், பிடித்திருந்தால் அந்த எழுத்தாளரின் அடுத்த நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள்.