சேர், அள்ளின மணல் திரும்ப வருமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் ஆறுகள் பற்றிய பாடம். ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், கனகராயன் ஆத்தில எவ்வளவு மணல் அள்ளினாலும் அடுத்த மாரிக்குத் திரும்ப வந்திடும்தானே?" வீட்டில் பெரியவர்கள் சொல்வதைத்தான் கேட்டிருக்கிறான். இரண்டு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

முதலில், அந்த மணல் எங்கிருந்து வந்தது? வன்னியின் அடியில் கிடப்பது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கடும்பாறை. வெயிலிலும் மழையிலும் அது உக்கி உதிரும்போது மற்றவை களியாகிப் போக, உக்காமல் மிஞ்சும் பளிங்குத் துகள்தான் மணல். கனகராயன் ஆறு அதை வவுனியாப் பக்கமிருந்து உருட்டிக்கொண்டு நம் மாங்குளம் பகுதியூடாக வடக்கே போய், இரணைமடுவைத் தாண்டி, சுண்டிக்குளம் களப்பில் சேர்கிறது.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் மணலை மூன்று கைகள் பிடித்து இழுக்கின்றன: ஆறு, அலை, வற்றுப்பெருக்கு. கங்கையின் முகத்துவாரங்களில் கடல் 3 மீற்றருக்கும் மேல் ஏறி இறங்கும். அதனால் அங்கே மணல் திட்டுகள் நீரோட்டத்தின் போக்கில், கடலை நோக்கி நீண்டு கிடக்கும். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. இங்கே அலைதான் மேசன். அது மணலைக் கரையோரமாகத் தள்ளி நீண்ட அணையாகக் கட்டிவிடுகிறது. சுண்டிக்குளத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திடல் அப்படி வந்ததுதான்.

வற்றுப்பெருக்கு சின்னதானாலும் பெரியதானாலும் மணலில் கையெழுத்துப் போடாமல் போகாது. பெருக்கு உள்ளே வரும்போது மணல் ஒரு பக்கம் சரிந்து படியும், வற்றும்போது மறுபக்கம். வெட்டிப் பார்த்தால் மீன்முள் போலிருக்கும். இடையில் நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் மெல்லிய களிப்படை மூடும். அமாவாசை, பௌர்ணமிக் காலத்தில் படைகள் தடிப்பாகவும் அரைநிலாக் காலத்தில் மெல்லியதாகவும் அமையும். நிலா மணலில் எழுதும் நாட்காட்டி இது.

தென் அவுஸ்திரேலியாவில் எலட்டினா என்ற பாறைத்தொகுதியில் 60 கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்த இப்படியான படைகளை ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற புவியியலாளர் ஒவ்வொன்றாக எண்ணினார். அன்றைக்கு ஒரு நாள் ஏறத்தாழ 22 மணித்தியாலம், ஒரு வருடத்தில் ஏறத்தாழ 400 நாட்கள்! கடலை இழுத்து இழுத்தே நிலா பூமியின் சுழற்சியை மெதுவாக்கியிருக்கிறது. அதற்குச் சாட்சி மணலும் களியும்தான்.

நம் ஊருக்கும் அப்படியொரு ஏடு உண்டு. இலங்கைக் கரையோரத்தில் சரளையும் அதன்மேல் செம்மணலுமாகக் கிடக்கும் பழைய படிவுக்கு ஆய்வாளர் வைத்த பெயர் 'இரணைமடுப் படிவு'. தெற்கே புந்தல, பத்திராஜவெல பகுதியில் இதே படிவுக்குள் கற்கருவிகள் கிடைத்தன. சிரான் தெரணியகல அங்கே செய்த ஆய்வு, மனிதன் அங்கு வாழ்ந்த காலத்தை ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோகிறது. எழுத்து இல்லாத காலத்தின் வரலாறு மணலுக்குள்தான் இருக்கிறது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 1902இல் தொடங்கி 1920இல் இரணைமடுக் குளத்தைக் கட்டி முடித்தார்கள். நமக்குச் சோறு போடும் குளம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குளத்துக்குள் வரும் வெள்ளம் வேகம் குறைந்து, பருமணலை அங்கேயே போட்டுவிடுகிறது. கீழே போவது பெரும்பாலும் தண்ணீரும் களியும்தான். ஆகவே குளத்துக்குக் கீழே அள்ளுவது பெரும்பாலும் பழைய இருப்பு. மேலேயும் ஒரு மாரி கொண்டுவருவது கொஞ்சம், டிப்பர் ஏற்றுவது அதைவிட அதிகம்.

மணல் போனால் ஆற்றுப்படுக்கை தாழும். பக்கத்துக் கிணறுகளின் நீரும் கூடவே தாழும். கரை இடியும். களப்போரத்தில் உவர் உள்ளே வரும்.

வீடு கட்ட மணல் வேண்டும், எனக்கும் தெரியும். மணல் ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதனால் அடுத்த பாடத்தில் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "வரும் மகன். ஆனா நீ அள்ளுற வேகத்தில ஆறு தராது. ஆத்தின்ர கணக்கு மாரிக் கணக்கில்ல, ஆயிரம் வருசக் கணக்கு."

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வாப்பாட்ட சொல்றன் சேர்" என்றான்.